சோனோமா: ஒயின் ஊரைப் பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே கலிஃபோர்னியாவின் சோனோமா ஊரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அந்த ஊருக்கே.

என் மகன் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். இந்த முறை சோனோமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். ஒயின் ஊர் என்கிறார்களே, குடிக்காத எனக்கு அங்கே என்ன வேலை?
*– வாசகி, திருச்சி*

தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. ஒயின் கோப்பையைத் தொடாமலே ஒரு முழுநாளை அங்கே நன்றாகக் கழிக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே 70 கிலோமீட்டர் போல இருக்கும். ஃப்ரீமான்ட்டிலிருந்து வருவதென்றால் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறில் 37-ஆம் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

சின்ன ஊர், மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். ஊருக்கு நடுவே 8 ஏக்கரில் ஒரு சதுக்கம், மெக்சிகோ ஆட்சிக்காலத்தில் 1835-ல் மரியானோ வயேஹோ என்ற தளபதி அளந்து போட்டது. பெரிய நிழல் மரங்கள், வாத்துக்குளம், குழந்தைகளுக்கு ஊஞ்சல், உட்கார நிறைய பெஞ்சுகள். சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் பழைய மிஷன் (ஸ்பானியத் துறவிகள் மதம் பரப்ப அமைத்த குடியிருப்பு) தேவாலயம், அதற்குப் பக்கத்திலேயே வயேஹோவின் சிப்பாய்கள் தங்கிய இரண்டு மாடி மண்கல் கட்டடம், அடுத்து டஸ்கானோ என்ற பழைய மரவீட்டு ஹோட்டல். எல்லாம் நடக்கிற தூரம், மேடு பள்ளமும் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்களும் பயப்படாமல் நடக்கலாம். வயேஹோ கடைசிவரை வாழ்ந்த வீடு மட்டும் மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் தள்ளி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டுதான், சில டாலர்களோடு முடிந்துவிடும்.

சைவமாக இருந்தாலும் கவலை வேண்டாம். புளித்த மாவு ரொட்டி, பழம், ஒரு துண்டு சீஸ் வாங்கிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்தால் அதுவே மதியச் சாப்பாடு. வெல்லா என்று 1931-லிருந்து சீஸ் செய்கிற ஒரு கடை சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அவர்களுடைய ‘டிரை ஜாக்’ சீஸின் மேல்தோலில் எண்ணெய், கோகோ தூள், மிளகுத்தூள் மூன்றையும் குழைத்துப் பூசி மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். வெளியே காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், வெட்டினால் உள்ளே வெளிர்மஞ்சள், பருப்பு வாசம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில சீஸ்களில் பாலைத் திரிக்க கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். சைவத்தில் கறாராக இருப்பவர்கள் எந்தக் கடையானாலும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சாமியார்கள் எதற்காகத் திராட்சை நட்டார்கள்? அந்த ஊரில் ஒயின் எப்படி ஆரம்பித்தது?
*– வாசகர், நாகர்கோவில்*

திருப்பலிக்கு ஒயின் வேண்டும், கடல் கடந்து வருவதை நம்பி இருக்க முடியாது, அவ்வளவுதான் ஆரம்பம். ஸ்பானிய பிரான்சிஸ்கன் துறவிகள் கலிஃபோர்னியாக் கரையோரம் சான் டியேகோவில் தொடங்கி வடக்கு நோக்கி மொத்தம் 21 மிஷன்கள் கட்டினார்கள். கடைசியானதும் வடக்குக் கோடியில் இருப்பதும் சோனோமா மிஷன்தான். 1823 ஜூலை 4 அன்று ஹோசே அல்திமிரா என்ற இளம் பாதிரியார் நிறுவினார். அப்போது ஸ்பெயின் ஆட்சி போய் மெக்சிகோ சுதந்திரம் பெற்றிருந்தது, சுதந்திர மெக்சிகோவில் தொடங்கிய ஒரே மிஷனும் இதுதான். அங்கே நட்ட கொடிக்கும் ‘மிஷன்’ என்றே பெயர், ஸ்பெயினிலிருந்து வந்த கறுப்புத் திராட்சை ரகம். ருசியில் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் வறட்சி தாங்கும், காய்ப்பும் அதிகம்.

இதுவரை சுற்றுலாக் கையேடுகளிலேயே இருக்கும். அந்தக் கொடிகளை நட்டது, மண்கல் அறுத்தது, சுவர் எழுப்பியது, மாடு மேய்த்தது எல்லாம் யார் என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன். கோஸ்ட் மிவோக், பாட்வின், வாப்போ, போமோ என்ற பூர்வகுடி மக்கள். ஞானஸ்நானம் வாங்கியபின் மிஷனைவிட்டு விருப்பப்படி போக முடியாது, ஓடினால் சிப்பாய்கள் தேடிப் பிடித்து வருவார்கள், அடியும் உண்டு. அல்திமிரா கடுமையானவர். 1826-ல் அந்த மக்கள் கொதித்தெழுந்து கட்டடங்களைக் கொளுத்தினார்கள், அவர் சான் ரஃபேல் மிஷனுக்குத் தப்பியோடினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் காலத்தில் மிஷனில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது. ஆனால் சாவும் கூடவே இருந்தது, ஐரோப்பிய நோய்களுக்கு அவர்கள் உடம்பில் எதிர்ப்பே கிடையாது. 1830-களின் கடைசியில் வந்த பெரியம்மை சுற்றுவட்டாரத்தில் கிராமம் கிராமமாக ஆட்களைக் கொண்டுபோனது.

தேவாலயத்தின் பக்கவாட்டுத் தெருவில் கருங்கல்லில் ஒரு நினைவுச்சுவர் இருக்கிறது. 1824-க்கும் 1839-க்கும் இடையில் இறந்து அங்கே புதைக்கப்பட்ட 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். இந்தச் சுவர் வந்ததே 1999-ல்தான். அதுவரை அவர்கள் மேல்தான் ஊர் நடந்துகொண்டிருந்தது. பெயர்கள் எல்லாமே பாதிரியார்கள் வைத்த ஸ்பானியப் பெயர்கள், தாய் தகப்பன் கூப்பிட்ட பெயர் ஒருவருக்கும் இல்லை. நின்று வாசித்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், மரியா, ஹுவான், ஃபிரான்சிஸ்கா என்று. ஒயின் ருசிக்கும் இடங்களுக்கு ஒதுக்குகிற நேரத்தில் ஒரு கால்மணி நேரத்தை இந்தச் சுவருக்கு ஒதுக்குங்கள். இதைப் பார்க்காமல் சோனோமாவைப் பார்த்ததாகச் சொல்லமுடியாது என்பது என் எண்ணம்.

தேவாலயத்தின் கதையும் கேட்கத்தக்கதுதான். 1834-ல் மெக்சிகோ அரசு மிஷன்களைக் கலைத்தது. 1881-ல் அதை ஒரு வியாபாரிக்கு விற்றார்கள். வைக்கோல் போடும் கிடங்காகவும் கொல்லன் பட்டறையாகவும் மதுக்கடையாகவும் இருந்திருக்கிறது. 1903-ல் வரலாற்று ஆர்வலர்கள் மீட்டார்கள், 1906 நிலநடுக்கத்தில் மறுபடி இடிந்தது, அதன்பின் பழுதுபார்த்ததைத்தான் இன்று பார்க்கிறோம்.

கலிஃபோர்னியா 25 நாட்கள் தனிநாடாக இருந்ததாம், அதுவும் சோனோமாவில்தானாம். உண்மையா?
*– கல்லூரி மாணவர், மதுரை*

நாடு என்று அறிவித்தார்கள், ஆனால் அந்த அறிவிப்பு சோனோமாவைத் தாண்டி எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பது வேறு விஷயம். 1846 ஜூன் 14 விடியற்காலை, முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அமெரிக்கக் குடியேறிகள் துப்பாக்கியோடு வயேஹோவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மெக்சிகோ அரசு தங்களைத் துரத்தப்போகிறது என்று அவர்களுக்குப் பயம். வயேஹோ எதிர்க்கவில்லை, எதிர்க்கப் படையும் இல்லை, கூலி கொடுக்க முடியாமல் சிப்பாய்களை முன்பே அனுப்பியிருந்தார். பேச வந்த தலைவர்களை உள்ளே உட்காரவைத்துப் பிராந்தி ஊற்றிக்கொடுத்தார். உள்ளே போனவர்கள் நேரமாகியும் வெளியே வராததால் வாசலில் நின்றவர்கள் வேறு ஆளை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள்.

சாயம் போடாத பருத்தித் துணியில் சிவப்புத் துணிப்பட்டை ஒன்றைத் தைத்து, ஒரு நட்சத்திரமும் ஒரு கரடியும் வரைந்து கொடி ஏற்றினார்கள். வரைந்தவர் வில்லியம் டாட், ஆபிரகாம் லிங்கனின் மனைவி வழிச் சொந்தக்காரர். கரடி சரியாக அமையவில்லை, பார்த்த ஊர்க்காரர்கள் பன்றி என்றுதான் நினைத்தார்களாம். மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மே மாதமே மூண்டுவிட்டது, அந்தச் சேதி சோனோமாவுக்கு வந்து சேரவில்லை. சேதி வந்ததும் ஜூலை 9 அன்று கரடிக்கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றினார்கள். 25 நாள் கணக்கு அப்படி வந்தது. அசல் கொடி 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோ தீயில் எரிந்துபோனது. 1911-ல் கரடிக்கொடி மாநிலக் கொடியானது. சதுக்கத்தில் அந்தக் கொடியேற்றத்தின் நினைவாக 1914-ல் வைத்த சிலை இருக்கிறது.

இதில் எனக்கு மனம் ஒட்டுவது வயேஹோவிடம்தான். அமெரிக்கா வந்தால் நாட்டுக்கு நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த மனிதர் அவர், அவரையே கைதுசெய்து சாக்ரமெண்டோ பக்கம் சட்டர் கோட்டையில் ஆகஸ்ட் வரை அடைத்துவைத்தார்கள். நோயோடு திரும்பிவந்தபோது மாடுகளும் குதிரைகளும் பெருமளவு களவு போயிருந்தன. அதன் பிறகும் கசப்பு காட்டாமல் 1849-ல் மாநில அரசியல் சட்டத்தை எழுதிய அவையில் உட்கார்ந்தார், மாநில செனட்டர் ஆனார். ஆனால் புதிய ஆட்சியின் நீதிமன்றங்களில் நிலத்துக்குப் பட்டா நிரூபிக்க வருடக்கணக்கில் அலைந்து, ஒருகாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தன்னுடையதாக இருந்த நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1890-ல் இறந்தபோது மிச்சம் இருந்தது அந்த வீடும் சுற்றியுள்ள கொஞ்சம் தோட்டமும்தான். அவருடைய நிலமும் அதற்கு முன்னால் வேறு மக்களின் நிலமாக இருந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சோனோமாவில் ஒயின் தொழிலைத் தொடங்கியவரை முதலை விழுங்கிவிட்டதாகப் படித்தேன். கட்டுக்கதையா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

முழுக் கட்டுக்கதை என்று தள்ளமுடியாது. அகோஸ்டன் ஹராஸ்தி என்ற ஹங்கேரிக்காரர். 1812-ல் பிறந்தவர். விஸ்கான்சினில் ஓர் ஊரை நிறுவினார், 1849-ல் கலிஃபோர்னியா வந்தார், சான் டியேகோவில் ஷெரீஃப் ஆனார், கடைசியில் 1857-ல் சோனோமாவுக்குக் கிழக்கே ப்யூனா விஸ்டா என்ற ஒயினரியைத் தொடங்கினார். மலையடிவாரத்துப் பாறையைக் குடைந்து பீப்பாய்களுக்குக் குகை வெட்டினார்கள். சீனத் தொழிலாளிகள் கைக்கோடாரியால் கொத்திய தடம் அந்தக் குகைச் சுவரில் இருக்கிறது, போனால் கவனித்துப் பாருங்கள்.

தண்ணீர் பாய்ச்சி பள்ளத்தில் வளர்க்காமல் மேட்டுச் சரிவில் மானாவாரியாக வளர்த்தால் பழம் நன்றாக இருக்கும் என்று அடித்துச் சொன்னவர் அவர். 1861-ல் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, ஒரு லட்சம் திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்தார். செலவை அரசு கொடுக்கும் என்று நம்பினார், சட்டமன்றம் கைவிரித்துவிட்டது. இரண்டு மகன்கள் 1863-ல் வயேஹோவின் இரண்டு மகள்களைக் கட்டினார்கள், அப்படி இரண்டு குடும்பமும் சம்பந்தியானது. பிறகு கடன், பங்குதாரர் தகராறு. ப்யூனா விஸ்டாவை விட்டு வெளியேறி 1868-ல் நிக்கராகுவா போனார், கரும்புத் தோட்டம் போட. 1869 ஜூலையில் ஒரு ஓடையைக் கடக்கப் போனவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அந்த ஓடையில் முதலைகள் உண்டு, மரக்கிளை முறிந்து அவர் அதில் விழுந்திருக்கலாம் என்பது குடும்பத்தாரின் அனுமானம்.

கூடவே ஒன்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் பேர்போன ஜின்ஃபண்டெல் ரகத்தை இவர்தான் கொண்டுவந்தார் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அது சரியில்லை, அவர் வருவதற்கு முன்பே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அந்த ரகம் இருந்தது. 2001-ல் மரபணுச் சோதனையில் அதன் பூர்வீகம் குரோவேஷியாவின் கடற்கரை என்று உறுதியாயிற்று.

நாங்கள் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம். அங்கேயும் வருடத்துக்கு இரண்டு கவாத்து உண்டா? பந்தலா, கம்பியா? வேரில் பூச்சி விழுந்து தோட்டமே அழிந்ததாகச் சொல்கிறார்களே, என்ன பூச்சி?
*– விவசாயி, கம்பம்*

உங்களைப் போல விவரம் தெரிந்தவர் கேட்பது சந்தோஷம். அங்கே குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி தூங்கிவிடும், ஆகவே வருடத்துக்கு ஒரே கவாத்து, ஒரே மகசூல். ஜனவரி, பிப்ரவரியில் கவாத்து, வசந்தத்தில் துளிர், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் பூராவும் எங்கோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்று சொன்னால் சோனோமாக்காரர் வாய்பிளப்பார். பந்தல் கிடையாது, இடுப்புயரக் கம்பியில் வரிசையாகப் படரவிடுகிறார்கள். 1880-களில் நட்ட பழைய ஜின்ஃபண்டெல் தோட்டங்களில் அந்தக் கம்பியும் இல்லை, கொடி தன் காலிலேயே குட்டை மரம்போல நிற்கும். நூறு வயது தாண்டிய கொடி, காய்ப்பு குறைவு, பழத்துக்கு விலை அதிகம்.

பூச்சியின் பெயர் ஃபிலாக்செரா. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்ன மஞ்சள் பேன். வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், வேரில் முடிச்சு விழும், அழுகும், இரண்டு மூன்று வருடத்தில் கொடி பட்டுப்போகும். கலிஃபோர்னியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது சோனோமாவில்தான், 1873-ல். ராக்கி மலைகளுக்குக் கிழக்கேதான் அந்தப் பூச்சிக்குப் பிறந்தகம், அங்கத்திய காட்டுத் திராட்சை அதோடு பழகிப்போனது. ஐரோப்பிய ரகத்துக்குத் தாங்கும் சக்தி இல்லை. கடைசியில் மருந்து எதுவும் பலிக்காமல், அமெரிக்கக் காட்டுரகத்தின் வேர்ச்செடியில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மகாராஷ்டிராவில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுகிறார்களே, அந்த டாக்ரிட்ஜும் அமெரிக்க இனம்தான், அங்கே அதைப் பயன்படுத்துவது முக்கியமாக உப்புக்கும் வறட்சிக்கும்.

இதில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சோனோமாவிலும் பக்கத்து ஒயின் பகுதியான நாபாவிலும் ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியைப் பரவலாக நட்டார்கள். மகசூல் அள்ளிக்கொடுத்தது. அது பாதி அமெரிக்க, பாதி ஐரோப்பியக் கலப்பு, ஃபிலாக்செராவிடம் தோற்றுப்போகும் என்று ஐரோப்பிய அனுபவம் முன்பே சொல்லியிருந்தது. கேட்கவில்லை. 1980-களில் பூச்சி திரும்ப வந்தபோது ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுநடவு செய்யவேண்டி வந்தது. வேர்ச்செடி வாங்கும்போது நர்சரிக்காரர் மகசூலைப் பற்றி மட்டும் பேசினால், அது எந்தப் பூச்சியைத் தாங்கும், எந்த மண்ணைத் தாங்கும் என்று நீங்களாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 13 வருடம் மதுவிலக்கு இருந்ததே, ஒயினையே நம்பியிருந்த ஊர் எப்படிச் சாப்பிட்டது?
*– வாசகர், சேலம்*

1937-லேயே மதுவிலக்கைப் பார்த்த சேலத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். அங்கே 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை. நிறைய ஒயினரிகள் பூட்டிவிட்டன. ஆனால் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. தேவாலயத்துக்கும் மருந்துக்கும் ஒயின் செய்யலாம். இத்தாலியிலிருந்து வந்து 1904-ல் ஒயினரி தொடங்கிய சாமுவேல் செபஸ்தியானி அப்படித்தான் தாக்குப்பிடித்தார். சதுக்கத்துக்கு எதிரே உள்ள செபஸ்தியானி திரையரங்கும் அவர் கட்டியதே, 1934-ல் திறந்தது. இன்னொரு ஓட்டை, ஒரு குடும்பம் வருடத்துக்கு 200 கேலன் பழச்சாறு வீட்டிலேயே தயாரிக்கலாம் என்பது. பழச்சாறு தானாகப் புளித்து ஒயின் ஆனால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே திராட்சையை ரயிலேற்றி சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பினார்கள். விளைவு, மதுவிலக்கின் முதல் வருடங்களில் கலிஃபோர்னியாவின் திராட்சைப் பரப்பு கூடியது. ஆனால் ரயிலில் நசுங்காத தடித்த தோல் ரகங்களுக்குத்தான் விலை, நல்ல ஒயின் ரகங்களைப் பிடுங்கிவிட்டு அவற்றை நட்டார்கள். அந்தத் தரத்தை மீட்க நாற்பது வருடம் பிடித்தது என்றால் மிகையில்லை.

இங்கே தேயிலை பறிக்கிறவர்களுக்கு நிறுவை பார்த்துத்தான் கூலி. அங்கே திராட்சை பறிப்பது யார், எப்படிக் கூலி?
*– வாசகி, ஹட்டன், இலங்கை*

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது, சகோதரி.

பூர்வகுடிகளுக்குப் பிறகு சீனர்கள் வந்தார்கள். குகை வெட்டியது, கல்பொறுக்கி நிலம் திருத்தியது, கொடி நட்டது அவர்கள்தான். பிறகு அவர்கள்மேல் வெறுப்பு கிளப்பி 1882-ல் சீனத் தொழிலாளர் நுழையத் தடைச்சட்டமே போட்டார்கள். அடுத்து இத்தாலியர்கள். அவர்களில் பலர் கல்லுடைக்கவும் போனார்கள், சோனோமாக் குன்றுகளின் எரிமலைக்கல் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் பதிக்கப்பட்டது. சதுக்கத்தின் நடுவே 1908-ல் கட்டி முடித்த நகரமன்றமும் அந்தக் கல்லில்தான். அதன் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கத்துக் கடைக்காரரும் தன் பக்கம்தான் பின்பக்கம் என்று குறைப்படக் கூடாது என்பதற்காக என்று ஊரில் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து, அதாவது 1942 முதல் 1964 வரை, பிரசேரோ என்ற ஒப்பந்தத் திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். இன்றும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மெக்சிகோக்காரர்களே. அறுவடை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. பழம் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆலைக்குப் போக வேண்டும் என்பதால் விடியுமுன் தொடங்கிவிடுவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் வளைந்த சின்னக் கத்தி, காலடியில் பிளாஸ்டிக் தொட்டி. குலையைப் பிடித்து, காம்பை வெட்டி, தொட்டி நிரம்பியதும் பதினைந்து இருபது கிலோவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு டிராக்டர் பெட்டிக்கு ஓட்டம். நடந்து போவதில்லை, ஓட்டம்தான், ஏனென்றால் பல தோட்டங்களில் அறுவடைக்கூலி டன் கணக்கில், குழுவாகப் பங்கு. மணிக்கணக்குக் கூலி தரும் தோட்டங்களும் உண்டு. ஒரு புட்டி ஒயினின் விலைக்கும் அந்தக் கூலிக்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மாற்றமும் கொஞ்சம் நடந்திருக்கிறது. மிச்சோவகான் மாநிலத்திலிருந்து கூலியாக வந்த ரேனால்டோ ரொப்லெடோ, ஒட்டுக்கட்டுவதில் தேர்ந்து, நிலம் வாங்கி, 2003-ல் சோனோமாவில் சொந்தப் பெயரில் ஒயின் ருசிக்கூடம் திறந்தார். ஊருக்குப் போகிறவர்கள் பெரிய பெயர்களைத் தேடுவதற்கு முன் இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் எனக்கு மகிழ்ச்சி.

நாபாவா, சோனோமாவா? ஒரே நாள்தான் இருக்கிறது.
*– வாசகர், சென்னை*

சோனோமா. நாபாவில் ஒயினரிகள் பிரம்மாண்டம், செலவும் அப்படியே. வரலாறு வேண்டுமென்றால் சோனோமாதான். 1976-ல் பாரிசில் நடந்த ருசிப்போட்டியில் பிரெஞ்சு ஒயின்களை முந்திய வெள்ளை ஒயின் நாபாவின் ஷாட்டோ மாண்டெலேனாவுடையது என்பார்கள். அதற்குப் போன திராட்சையில் பெரும்பங்கு சோனோமா மாவட்டத்தில் விளைந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் அங்கேதான் வாழ்ந்தாராமே?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

ஆமாம், பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் க்ளென் எல்லன் என்ற சிற்றூர். 1905-லிருந்து நிலம் வாங்க ஆரம்பித்து 1,400 ஏக்கர் சேர்த்தார். எழுதிச் சம்பாதித்ததையெல்லாம் மண்ணில் போட்டார். மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவில் படிப்படியாக வரப்பு கட்டினார், பன்றிகளுக்கு வட்டமாகக் கல் தொழுவம் கட்டினார். அவரும் மனைவியும் ஆசையாகக் கட்டிய எரிமலைக்கல் மாளிகை குடிபோகச் சில நாட்களே இருக்கும்போது 1913 ஆகஸ்டில் ஒரே இரவில் எரிந்தது. எவரோ கொளுத்தினார்கள் என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. மரவேலைக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தானாகப் பற்றியிருக்க வேண்டும் என்பது பின்னாளில் ஆராய்ந்தவர்களின் முடிவு. ரெட்வுட் மரக் காட்டுக்குள் அந்தச் சுவர்களும் புகைபோக்கிகளும் அப்படியே நிற்கின்றன. 1916-ல், 40 வயதில் இறந்தார். சமாதி என்று எதுவும் கட்டவில்லை, மேலே ஒரு பாறையை உருட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லாம் மாநிலப் பூங்கா, நடப்பதற்கு நல்ல பாதைகள்.

ஒயின் ருசிக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது? தெரியாமல் போய் அசட்டுத்தனம் ஆகிவிடக் கூடாது.
*– புதுமணத் தம்பதி, சான் ஹோசே*

எதுவும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊற்றுகிறவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். பல இடங்களில் முன்பதிவு தேவை, கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று உண்டு, புட்டி வாங்கினால் சிலர் அதைக் கழித்துக்கொள்வார்கள். ஒரு மடக்கு ருசித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் கொட்டலாம், துப்பவும் செய்யலாம், அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. தெற்கே கார்னெரோஸ் பகுதியில் கடல்மூட்டம் இறங்குவதால் அங்கே பினோ நுவார், ஷார்டனே திராட்சை ரகங்கள். வெயில் அதிகம் படும் சரிவுகளில் ஜின்ஃபண்டெல். இந்த வித்தியாசத்தை நாக்கில் உணர ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். கார் ஓட்டுகிறவர் குடிக்கவே கூடாது. இதில் ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று கணக்குப் பார்க்க வேண்டாம், ஒருவர் அன்று முழுக்கத் தண்ணீர்தான் என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

காட்டுத்தீயெல்லாம் வருகிறதே, எந்த மாதம் போகலாம்?
*– வாசகி, பெங்களூரு*

2017 அக்டோபர் 8 இரவு பலத்த காற்றில் பல இடங்களில் ஒரேசமயம் தீ பிடித்தது. பக்கத்துச் சாண்டா ரோசா நகரில் தெருத்தெருவாக வீடுகள் போயின, உயிர்களும் போயின. க்ளென் எல்லனிலும் பல வீடுகள் எரிந்தன. சோனோமா ஊரைச் சுற்றிய குன்றுகள் பற்றி எரிந்தும் சதுக்கமும் மிஷனும் தப்பின. 1858-லிருந்து நடக்கும் குண்ட்லாக் புண்ட்சு ஒயினரியில் பழைய குடும்ப வீடு எரிந்தது, ஆலை பிழைத்தது. பழம் கொடியிலேயே இருக்கும்போது புகை சூழ்ந்தால் தோல் அந்தப் புகையை உறிஞ்சிக்கொள்ளும், ஒயினில் சாம்பல் வாடை வந்துவிடும். அந்தப் புகையிலும் பழத்தைக் காப்பாற்றக் கூலியாட்களை இறக்கினார்கள், அது நடந்திருக்கவே கூடாது.

ஏப்ரல், மே மிக நல்ல மாதங்கள், குன்றுகள் பச்சையாக இருக்கும், வெயில் கடுமை இல்லை. பிப்ரவரியில் போனால் வரிசைகளுக்கு நடுவே கடுகு பூத்திருக்கும், கூட்டமும் கட்டணமும் குறைவு, மழைக்குக் குடை வேண்டும். அறுவடையைப் பார்க்க ஆசை என்றால் செப்டம்பர். மாதக் கடைசியில் 1896-ல் தொடங்கிய அறுவடைத் திருவிழா சதுக்கத்தில் நடக்கும், தங்க அறை கிடைப்பது சிரமம், இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவுசெய்துவிடுங்கள். அக்டோபரில் போவதானால் கிளம்புகிற அன்று காலையில் தீ எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.